கூட்டினால் எட்டு, ஆனாலும் இரண்டாம் இடம்: போல்ரூம் போட்டியில் நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் தாய் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. சிறு வயதிலிருந்து பரதம் பயின்ற அவருடைய மகள், அண்மைக் காலமாக ஓர் இளைஞனோடு சோடி சேர்ந்து போல்ரூம் நடனம் பழகி, கொழும்பில் நடந்த ஒரு போட்டியின் இறுதிச் சுற்றுவரை சென்றிருக்கிறார். வோல்ட்ஸ் நடனத்துக்கு ஐந்து நடுவர்கள் அவர்களுக்கு இட்ட இடங்கள் 2, 2, 2, 1, 1. முதலிடம் பெற்ற சோடிக்கு இடப்பட்டவை 1, 1, 1, 5, 6. கூட்டிப் பார்த்தால் மகளின் சோடிக்கு 8, மற்றவர்களுக்கு 14. இடங்களின் கூட்டுத்தொகை குறைந்தவரே சிறந்தவர் என்றால் மகள் ஏன் இரண்டாமிடம்? முகபாவத்தை எல்லோரும் புகழ்ந்திருக்க, "கால் இன்னும் பரதம் ஆடுகிறது" என்று நடுவர் ஒருவர் பின்னர் சொன்னதன் பொருள் என்ன? இனிப் பரதத்தை நிறுத்திவிட வேண்டுமா?

போட்டிகளில் புள்ளிக் கணக்காளர் மேசையில் இருந்து பழகியதால், முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கணக்கில் பிழை இல்லை. அந்த ஐந்து தாள்களும் என் கைக்கு வந்திருந்தாலும் அதே முடிவையே எழுதியிருப்பேன்.

நம்முடைய பாடசாலைப் போட்டிகளில் அம்சவாரியாகப் புள்ளியிட்டு மொத்தத்தைக் கூட்டும் முறைக்கே நாம் பழகியிருக்கிறோம். போல்ரூம் போட்டிகளில் பெரும்பாலும் கையாளப்படுவது ஸ்கேட்டிங் முறை எனப்படும் வேறொரு கணக்கு. பனிச்சறுக்கு நடனப் போட்டிகளின் புள்ளியிடலைத் தழுவியதால் வந்த இந்தப் பெயரோடு, 1930களில் இங்கிலாந்தில் அது போல்ரூம் நடனத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் அடிப்படை கூட்டல் அல்ல, பெரும்பான்மை. ஐந்து நடுவர்கள் இருந்தால் மூவர் பெரும்பான்மை. மூவர் ஒரு சோடியை முதலாவது என்று சொல்லிவிட்டால் அந்த நடனத்தில் அச்சோடி முதலாவதே. மீதி இருவர் அவர்களை ஐந்தாவது என்றோ ஆறாவது என்றோ எழுதியிருந்தாலும் அந்த எண்கள் முதலிடத்தைத் தீர்மானிக்கையில் எண்ணப்படுவதில்லை. உங்கள் மகளின் சோடிக்கு முதலிடம் என்று எழுதியவர்கள் இருவர் மட்டுமே. கதை அங்கே முடிந்துவிடுகிறது.

இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு மாறான நிலையை எண்ணிப் பாருங்கள். கூட்டல் முறையில், தனக்குப் பிடித்த சோடிக்கு 1 இட்டு, அவர்களோடு மோதக்கூடிய வலுவான சோடிக்கு வேண்டுமென்றே 6 இடும் ஒரே ஒரு நடுவர் முழு முடிவையும் புரட்டிவிட முடியும். பெரும்பான்மை முறையில் அவருடைய 6 ஒரு வாக்காக மட்டுமே நின்றுவிடுகிறது. நடுவர் குழு 5, 7, 9 என்று ஒற்றை எண்ணில் அமைக்கப்படுவதும் பெரும்பான்மை தெளிவாகத் தெரிவதற்கே. ஒருவருடைய காழ்ப்பிலிருந்தும் கவனக்குறைவிலிருந்தும் இந்த முறை காக்கும். பெயர் பெற்ற சோடி என்பதற்காக மூவர் ஒருமித்து மயங்கினால் அதிலிருந்து எந்தக் கணக்கும் காக்காது. அப்படி நடப்பதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை.

யாருக்கும் மூன்று முதலிடங்கள் கிடைக்காவிட்டால், முதலிடங்களையும் இரண்டாமிடங்களையும் சேர்த்து எண்ணுவார்கள். அப்போது ஒன்றுக்கு மேற்பட்ட சோடிகள் பெரும்பான்மையை எட்டினால், எண்ணிக்கை கூடியவருக்கு இடம். எண்ணிக்கையும் சமமானால்தான் கூட்டல் வருகிறது. அதுவும் அந்தப் பெரும்பான்மைக்குள் அடங்கிய இடங்களை மட்டும் கூட்டி, தொகை குறைந்தவரை முன்னே வைப்பார்கள். ஒவ்வொரு நடனத்துக்கும் இப்படி இடம் தீர்ந்த பிறகு, எல்லா நடனங்களின் இடங்களையும் கூட்டி, குறைந்த தொகை பெற்றவரை வெற்றியாளராக அறிவிப்பார்கள். வோல்ட்ஸில் இரண்டாமிடம் பெற்ற சோடி, மற்ற நடனங்களில் முன்னேறி மொத்தத்தில் வெல்வது சாதாரணமாக நடப்பதே. ஆகவே ஒரு நடனத்தின் தாளை மட்டும் வைத்துக்கொண்டு மனம் வருந்த வேண்டாம். முழுத் தாளையும் நடனம் நடனமாக வாசியுங்கள்.

ஆரம்பச் சுற்றுகளில் இந்த இடமிடல் கிடையாது. 24 சோடிகள் ஆடினால், 12 பேரை அடுத்த சுற்றுக்கு அழைக்குமாறு தலைமை நடுவர் கேட்பார். ஒவ்வொரு நடுவரும் சரியாகப் பன்னிரண்டு எண்களுக்கு அடையாளமிட வேண்டும், அதிக அடையாளம் பெற்றவர்கள் மேலே செல்வார்கள். பெரும்பாலும் ஆறு சோடிகள் எஞ்சும் இறுதிச் சுற்றில்தான் ஒவ்வொரு நடுவரும் ஒன்று முதல் ஆறு வரை வரிசைப்படுத்துகிறார், இருவருக்கு ஒரே இடத்தைக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. ஆட்டம் நடக்கையில் நடுவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதும் இல்லை.

இப்போது இரண்டாவது கேள்வி. ஒரு நடனத்துக்கான இசை ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஒலிக்கிறது. தளத்தில் பன்னிரண்டு சோடிகள் இருந்தால், ஒரு சோடிக்குக் கிடைக்கும் பார்வை ஏழரை விநாடி. இறுதிச் சுற்றிலும் பதினைந்து விநாடிக்கு மேல் இல்லை, அதற்குள் எழுதவும் வேண்டும். ஆகவே நடுவர் உங்கள் மகளின் நடனத்தை முழுதாகப் பார்த்து மதிப்பிடுகிறார் என்று எண்ணுவது சரியல்ல. அவர் ஆறு சோடிகளையும் மாறிமாறிப் பார்த்து, இவரைவிட அவர் மேல் என்ற ஒப்பீட்டை விநாடிக்கு விநாடி திருத்திக்கொண்டிருக்கிறார். அரங்கேற்றத்தில் மூன்று மணி நேரம் ஒரே நர்த்தகியின் மேல் நிலைத்திருக்கும் கண்ணுக்கும் இந்தக் கண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்றவையெல்லாம் தானாக விளங்கும். எந்த விநாடியில் கண் வந்து விழுந்தாலும் சரியாக இருக்கும் உடலுக்கே இங்கு இடம்; சபையைக் கைதட்ட வைக்கும் ஒரு துணுக்கு, நடுவர் வேறு பக்கம் திரும்பியிருக்கும் வேளையில் நிகழ்ந்துவிட்டால் நிகழாததற்குச் சமம்.

அந்த ஏழு விநாடிகளில் முதலில் சோதிக்கப்படுவது தாளம். நீண்ட காலம் கையாளப்பட்ட நடுவர் வழிகாட்டல்களில், தாளமும் அடிப்படை லயமும் முதலாவதாகவும், உடலின் கோடுகள், அசைவு, இசையை விளங்கிக் காட்டும் விதம் ஆகியவை அடுத்தடுத்தும், பாதங்களின் வேலை கடைசியாகவும் வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. தாளம் திரும்பத் திரும்பத் தவறினால், மற்ற எதில் சிறந்திருந்தாலும் அந்த நடனத்தில் கடைசி இடம் என்பதே மரபு. ஏனென்றால் தாளம் தவறியவரின் அழகு எதன் மேல் நிற்கிறது என்று சொல்ல முடியாது.

ஆனால் தாளம் என்பது ஒவ்வோர் அடிக்கும் காலை வைப்பது மட்டுமன்று. ஸ்டான்டர்ட் பிரிவில் வோல்ட்ஸ், டாங்கோ, வியன்னா வோல்ட்ஸ், ஸ்லோ பொக்ஸ்ட்ரொட், குயிக்ஸ்டெப் என்ற ஐந்தும், லத்தீன் பிரிவில் சம்பா, ச்சா ச்சா ச்சா, ரும்பா, பாசோ டோப்லே, ஜைவ் என்ற ஐந்தும் உள்ளன. வோல்ட்ஸும் வியன்னா வோல்ட்ஸும் மூன்றடித் தாளத்தவையே. ஆனால் முன்னையது நிமிடத்துக்கு 30 தாளச் சுற்றுக்குள் நிதானமாகச் செல்ல, பின்னையது ஏறக்குறைய 60 தாளச் சுற்று வேகத்தில் சுழல்கிறது. ரும்பா நான்கடித் தாளம். எனினும் முக்கிய அடி இரண்டாவது எண்ணில் விழ, முதலாவது எண்ணில் இடுப்பு அமைதியாக அமர வேண்டும். முதலாவது எண்ணில் காலெடுத்து வைக்கும் சோடி எவ்வளவு உருகி ஆடினாலும் நடுவரின் காதுக்கு அது தாளப் பிழை. தாளம் தொடங்கிய பிறகு, சமத்தைத் தாண்டிப் பாட்டை எடுக்கும் அனாகத எடுப்பை அறிந்தவருக்கு இது புதிதல்ல. உங்கள் மகளுக்கு இதில் மற்றவர்களைவிடச் சிரமம் குறைவாகவே இருக்கும். எங்கள் ஊர்ப் பறங்கியர் வீடுகளின் கலியாணங்களில் கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கோ வேறொரு சிக்கல்: ஆறெட்டுத் தாளத்தின் ஊஞ்சல் உடலில் ஊறிவிடுவதால், நேரான நான்கடியிலும் அதைக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

அடுத்துக் கண் செல்வது சோடியின் வடிவத்தின் மேல். ஸ்டான்டர்ட் பிரிவில் இருவரும் நெருங்கிய பிடியில் ஆடுவதால், ஆணின் முழங்கைகள் தொங்காமல் நிற்கின்றனவா, பெண்ணின் தலை இடப்பக்கம் நீண்டு, கழுத்து ஒடுங்காமல் இருக்கிறதா, இரண்டு உடல்களும் ஒரே அச்சில் சுழல்கின்றனவா என்பதெல்லாம் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். இங்கே இருவரில் ஒருவர் மட்டும் சிறந்தவர் என்பதால் பயனில்லை. பெண் அடுத்த அடியை முன்கூட்டியே தெரிந்து தானாகப் போகிறாளா, அல்லது ஆணின் உடல் சொன்ன பிறகு போகிறாளா என்பதை அனுபவமுள்ள நடுவர் ஒரு திருப்பத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். தளத்தில் எல்லோரும் இடஞ்சுழியாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நகர்கிறார்கள். முன்னால் இன்னொரு சோடி குறுக்கிட்டால், மனனம் செய்த கோர்வையைக் கைவிட்டு வேறு திசையில் அமைதியாக வழி எடுப்பது ஒரு திறமையாகவே கணிக்கப்படுகிறது. மோதிவிட்டு முறைக்கும் சோடியை எந்த நடுவருக்கும் பிடிக்காது.

அதன் பிறகுதான் பாதம். வரிசையில் பாதம் கடைசியில் வைக்கப்பட்டிருந்தாலும், மேலே காணப்படும் பிழைகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே புறப்படுகின்றன என்பது என் கணிப்பு. வோல்ட்ஸில் முன்னோக்கிய முதல் அடி குதிகாலில் இறங்க வேண்டும். முதலாவது எண்ணின் முடிவில் உடல் எழத் தொடங்கி, இரண்டிலும் மூன்றிலும் உயர்ந்து, மூன்றின் முடிவில் தாழ வேண்டும். ஊன்றிய கால் உடலைத் தள்ளாமல், நகரும் கால் மட்டும் முன்னே நீண்டால், அடி நீளமாகத் தெரிந்தாலும் உடல் பின்தங்கிவிடும். அதைச் சரிக்கட்டத் தோள் எழும், தோள் எழுந்தால் பிடி குலையும். நடுவர் கண்ணில் படுவது பிடி குலைந்தது. காரணம் காலில் இருக்கிறது. ஸ்லோ பொக்ஸ்ட்ரொட் இன்னும் இரக்கமற்றது: அதன் அடிப்படை அடிகளில் பாதங்கள் ஒன்றுசேர்ந்து ஓய்வெடுக்க இடமே இல்லாததால், சமநிலை இல்லாதவர் ஒளிந்துகொள்ள முடியாது. சோடிகளைத் தரம் பிரிக்க வேண்டுமென்றால் அந்த ஒரு நடனமே போதும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

"கால் இன்னும் பரதம் ஆடுகிறது" என்ற சொல்லுக்கு இப்போது வருகிறேன். அதை இகழ்ச்சியாக எடுக்க வேண்டாம், அது துல்லியமான குறிப்பு. பரதத்தின் அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் மடங்கி, பாதங்கள் வெளிநோக்கித் திரும்பி நிற்கின்றன; தட்டடவில் பாதம் உயர்ந்து முழுப் பரப்பாக நிலத்தில் அறைகிறது. வோல்ட்ஸில் பாதங்கள் இணையாகவும், நிலத்தை உராய்ந்தபடியும் செல்ல வேண்டும். ரும்பாவில் எடை ஏறும் கால் நேராக நீண்டிருக்க வேண்டும். இடுப்பின் அசைவு அந்த நேரான காலின் மேல் எடை அமர்வதால் பிறக்கிறதே தவிர, இடுப்பைத் தனியே ஆட்டுவதால் அல்ல. முழங்கால் மடங்கியபடியே எடையை ஏற்கும் பழக்கம் உள்ளவர் ரும்பா ஆடினால், இடுப்பு எங்கிருந்தும் பிறக்காது. உடல் முழுவதும் ஒரு படி தாழ்ந்து நிற்பதாகத் தெரியும். ஒரே ஒரு பார்வையில் பிடிபடும் பிழை இது என்பதால்தான் மூன்று நடுவர்கள் வோல்ட்ஸிலும் அவரை ஒரு படி கீழே வைத்திருக்கலாம் என்று ஊகிக்கிறேன்.

அதே அரைமண்டி டாங்கோவில் துணை நிற்கும். டாங்கோவில் எழுச்சியும் தாழ்ச்சியும் கிடையாது. முழங்கால்கள் சற்றே தளர்ந்திருக்க, தலை ஒரே மட்டத்தில் செல்ல, கால் நிலத்திலிருந்து எடுத்து வைக்கப்படுகிறது. அரைமண்டியில் நின்று அடவு செய்கையில் தலை குதிக்கக் கூடாது என்று ஆண்டுக்கணக்கில் ஆசிரியரிடம் திட்டு வாங்கியவருக்கு இந்த மட்டம் இயல்பாக வந்துவிடும். மற்றவர்கள் இதற்காகவே பல மாதங்கள் பாடுபடுகிறார்கள். உங்கள் மகளின் டாங்கோத் தாளை எடுத்துப் பாருங்கள். வோல்ட்ஸைவிட நல்ல இடங்கள் அதில் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

முகபாவம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் பக்கத்துப் பெற்றோர் அதிகம் தவறாக விளங்கிக்கொள்வது இதையே. வெளிப்பாடு இங்கே கணக்கில் எடுக்கப்படுவதில்லை என்பது உண்மையன்று. ஆனால் அது முகத்தில் தொடங்குவதில்லை. பரதத்தில் அபிநயம் சபையை நோக்கிச் செல்கிறது. நாயகன் அங்கே இல்லாமலேயே நாயகி அவனோடு பேசிவிடுகிறாள். இங்கே துணைவர் கண்ணெதிரே இருக்கிறார், அவரை விட்டுவிட்டு நடுவரைப் பார்த்துப் புன்னகைக்கும் முகம், சோடியின் உறவை அறுத்துவிடுகிறது. டாங்கோவில் புன்னகையே பொருந்தாது. பாசோ டோப்லேயில் ஆண் காளைச் சண்டை வீரன், பெண் பெரும்பாலும் அவன் வீசும் துணி. வழக்கமான அதன் இசையில் உச்சங்கள் எங்கே வரும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும், அந்த உச்சத்தில் உடல் சிலையாக நிற்கிறதா என்பதே வெளிப்பாடு. ஜைவில் அது துள்ளல். வோல்ட்ஸில் ஒரு எழுச்சியின் உச்சியில் அவசரப்படாமல் ஒரு கணம் தங்கி, பிறகு தாளத்துக்குள் சரியாக வந்து சேர்வது. இவற்றில் எதையும் சமநிலை இல்லாத உடலால் செய்ய முடியாது. நடுவர் உத்தியைத் தனியாகவும் வெளிப்பாட்டைத் தனியாகவும் பார்த்துக் கூட்டுகிறார் என்ற எண்ணம் ஸ்கேட்டிங் முறைக்குப் பொருந்தாது. அவர் இடுவது ஒரே எண், அதற்குள் இரண்டும் கரைந்திருக்கும்.

உலக நடன விளையாட்டுச் சம்மேளனம் நடத்தும் பெரிய போட்டிகளில் வேறொரு முறையும் வந்திருக்கிறது. அதில் உத்தியின் தரம், இசையோடு அசைதல், சோடியாக ஆடும் திறன், நடன அமைப்பும் அளிக்கையும் என்று நான்கு கூறுகளுக்குப் பத்துக்குப் புள்ளியிடுகிறார்கள். மற்ற நடுவர்களிடமிருந்து வெகுதூரம் விலகும் புள்ளியின் எடையைக் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். 1997இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு அது. போல்ரூமுக்கு ஒலிம்பிக் பதக்கம் இதுவரை வாய்க்கவில்லை, அதே சம்மேளனத்தின் பொறுப்பில் 2024 பாரிஸுக்குச் சென்றது பிரேக்கிங் நடனம். இந்த முறையில் உங்கள் மகளின் முகத்துக்கும் இசையுணர்வுக்கும் தனி இடம் கிடைத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் பத்துக்கு எட்டு என்பதும் எட்டரை என்பதும் ஒவ்வொரு நடுவர் மனத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. இவரைவிட அவர் மேல் என்று சொல்வது மனிதக் கண்ணுக்கு எளிது. சிறிய போட்டிகளுக்கு இடமிடும் முறையே ஏற்றது என்பது என் கருத்து.

உடையைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. கல் பதித்த உடைக்கென்று தனி இடம் இல்லை. தோளின் கோட்டை மறைக்காத, சுத்தமாகப் பொருந்தும் உடை போதும். வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில், பின்புறம் நீண்ட வால் கோட்டோடு பயிற்சி எடுக்கும் பையன்கள் மேல் எனக்கு இரக்கமே வருகிறது; பயிற்சிக்கு அது வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது தளம். இங்குள்ள மண்டபங்களின் தரை பெரும்பாலும் சீமெந்து அல்லது பதித்த ஓடு, போட்டித் தளமோ மரப்பலகை. மெல்லிய தோல் அடிப்பாகம் கொண்ட நடனக் காலணி சீமெந்தில் பிடித்துக்கொள்ளும், பலகையில் வழுக்கும். இங்கே பழகிய பிள்ளை அங்கே போய் முதல் சுற்றில் அடியைக் குறுக்கிக்கொள்வது பயத்தால் மட்டுமல்ல. போட்டி நாளில் நேரத்தோடு போய், தளம் திறந்திருக்கும் பயிற்சி வேளையைத் தவறவிடாமல் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஆடத் தொடங்கும் மூலையை எல்லோரோடும் முண்டியடிக்காத இடமாகத் தெரிவுசெய்வதும் நல்லது. நடுவர்கள் தளத்தைச் சுற்றி நிற்பதால், நெரிசலில் அடைபட்ட சோடியை அந்தப் பக்கத்து நடுவர் ஒருவரே பார்க்க நேரலாம். ஒரே நடனத்தில் 1 முதல் 6 வரை இடங்கள் சிதறிக் கிடப்பதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம். வென்ற சோடியின் 5, 6 என்ற எண்களுக்கும் அப்படியொரு விளக்கம் இருக்கக்கூடும்.

முடிவை எதிர்த்து முறையிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நடுவரின் கருத்து இறுதியானது; எண்ணைத் தவறாகப் பதிந்ததையோ கணக்குப் பிழையையோ மட்டுமே திருத்தக் கேட்க முடியும். உங்கள் தாளில் இரண்டும் இல்லை.

பரதத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஒரே மாலையில் இரண்டையும் பழகுவதைத் தவிர்ப்பது நல்லது. அடவு செய்து களைத்த கால், ரும்பாவுக்கு நீளாது. ஆசிரியரிடம் புதிய கோர்வை கேட்பதை விட்டு, சில மாதங்களுக்கு நடையை மட்டும் கற்பிக்கச் சொல்லுங்கள்: ரும்பாவின் முன்னோக்கிய நடை, வோல்ட்ஸில் குதிகாலில் இறங்கும் முதல் அடி, இரண்டையும் இசையில்லாமல் ஒரு தடவை, இசையோடு ஒரு தடவை, துணைவரோடு ஒரு தடவை. அதைக் கைத்தொலைபேசியில் இடுப்புக்குக் கீழே மட்டும் தெரியும்படி படம்பிடித்து, மகளே பார்க்கட்டும். முகம் தெரியாத அந்தப் படத்தில் எது வோல்ட்ஸ், எது ரும்பா என்று வீட்டிலுள்ள ஒருவர் இசையைக் கேட்காமலே சொல்ல முடிந்தால், அடுத்த இறுதிச் சுற்றில் அந்த மூன்று நடுவர்களில் ஒருவராவது மனம் மாறுவார். உங்களுக்குத் தேவைப்பட்டதும் அந்த ஒருவரே.